அடக்கச் செலவு உறை

லிமா நகரின் வடகோடியில், கோமாஸ் குன்றுச் சரிவில் குடியிருப்பவரும், நெசவாலையில் முப்பத்தோராண்டு நேரக்கணக்கராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவருமான தோன் பவுஸ்தினோ வில்கா, வயது எழுபத்திரண்டு, தம் மனைவி ஒரு திருடி என்ற முடிவுக்கு வந்தார்.

சான்று அவர் கையிலேயே இருந்தது.

ஓய்வூதியம் வந்த அன்றே அதை ஏழு காகித உறைகளில் பங்கிட்டுவிடுவது அவர் வழக்கம். அரிசிக்கு ஒன்று, எரிவாயுவுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று போய், ஏழாவது அடக்கச் செலவில் முடியும். ஓர் உறையின் பணம் வேறொரு செலவுக்குப் போகக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம்.

ஏழாவது உறையை ஆண்டுக்கு ஒருமுறைதான் எண்ணுவார். மூவாயிரம் சோல் இருக்க வேண்டும். இருந்தது இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது.

அந்த உறைதான் அவருடைய மானம். அக்குன்றில் எவரேனும் காசில்லாமல் இறந்தால், பெட்டி வாங்க அண்டை வீட்டார் பொயாதா நடத்துவார்கள். முன்கூட்டியே சீட்டு விற்று, வாசலில் கோழி பொரித்து, லாபத்தைக் குடும்பத்தாரிடம் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதே வழிதான். தம் பிணத்தின் பெயரால் ஒரு கோழிகூடப் பொரியக் கூடாது என்பது தோன் பவுஸ்தினோவின் வைராக்கியம். ஆதலால் அவரும் எவருடைய சீட்டையும் வாங்குவதில்லை.

"தோமி, அறுநூத்தி நாப்பது சோல் எங்க?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி தோமித்திலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"உறை மேல என்ன எழுதியிருக்கோ, அதுக்குத்தான்."

"நான் இன்னும் சாகலையே."

"அவசரமில்ல கிழவரே, மெதுவா சாவலாம்."

அவ்வளவுதான். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அண்டை வீட்டுக்காரி நேலிடாவின் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். நேலிடாவின் கணவன் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டிருந்தான். அறுவைச் சிகிச்சைக்காக அன்று அங்கே பொயாதா.

ஊரறியக் கேட்டுவிடுவது என்று தோன் பவுஸ்தினோவும் பின்னாலேயே போனார்.

வாசலெங்கும் புகையும் பாட்டும். சீட்டு வாங்காதவரை முறைப்பார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தவருக்கு, இருவர் எழுந்து நாற்காலி கொடுத்தனர். நேலிடா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்க தோன் பவுஸ்தினோ. உங்க நாலு தட்டையும் எடுத்து வச்சிருக்கேன்."

தாம் சீட்டே வாங்கவில்லை என்று அவர் சொல்லத் தொடங்கினார். அவள் முடிக்க விடவில்லை.

"தெரியும், தெரியும். வாசல்ல வேண்டாம்னு விரட்டுவீங்க, பின்னாடியே சம்சாரத்துகிட்ட காசு குடுத்து அனுப்புவீங்க. இந்த வருஷம் இங்க நடந்த பத்துப் பொயாதாவுலயும் உங்க பேருக்கு நாலு தட்டு. வெளிய தெரியக் கூடாதுன்னு நினைக்கிற மனுஷன் இந்தக் குன்னுலயே நீங்க ஒருத்தர்தான்."

தட்டு பதினாறு சோல். நான்கு தட்டு, பத்து முறை. நேரக்கணக்கர் மனத்துக்குள் பெருக்கினார். ஒரு காசு பிசகவில்லை. பொயாதா நடந்த ஞாயிறுகளில் எல்லாம், அரிசி உறைப் பணத்திலேயே கோழியும் சமைத்துவிடும் மனைவியின் சாமர்த்தியத்தைத் தாம் மெச்சியதும் நினைவுக்கு வந்தது.

அவர் தொண்டையைக் கனைத்தார். கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

தோமித்திலா தட்டோடு அருகில் வந்து அமர்ந்தபோது, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சாவுக்குன்னு எடுத்து வச்ச காசை ஊருக்குக் கோழி வாங்கவா எடுத்தே? அதுவும் என் பேர்ல?"

"முதல்ல போகப்போறது நீங்கதானே. பெட்டியக் கடையில வாங்கிடலாம், கிழவரே. நம்ம வீடு வரைக்கும் வண்டி ஏறாது. இருநூத்திப் பதினாறு படி. தூக்கிட்டு இறங்க ஆறு தோள் வேணும். அது எந்தக் கடையில கிடைக்கும்?"

தோன் பவுஸ்தினோ சுற்றிலும் பார்த்தார். அடுப்பருகே, மேசையருகே, தமக்கு நாற்காலி கொடுத்த இடத்தில் நின்ற ஆண்களை ஒவ்வொருவராக எண்ணினார். ஆறுக்கு மேலேயே தேறினார்கள்.

2018 அக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏழாவது உறையின் மேலிருந்த 'அடக்கச் செலவு' என்பதை அளவுகோல் வைத்து அடித்துவிட்டு, அச்சுப் போன்ற எழுத்தில் அவர் எழுதினார்: 'அக்கம்பக்கம்.'