குறுகிய முனையில் ஒரு சத்தம்

கிண்டி ஆய்வுக்கூடத்தில் காஸ் டர்பைனின் எரியறை உறுமுகிறது. மேசைமேல் டீ கிளாஸ் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு ஊர்கிறது. சத்தம் முழுவதும் சுடரிலிருந்தே வருவதாக எழுதி, அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தலைவர் வேதாந்தம் சார் அறிக்கையை முடித்துவிட்டார், கையெழுத்துதான் பாக்கி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெக்கானிக் தனபாலன் நீண்ட ஸ்க்ரூடிரைவரை நீட்டி என் காதருகே கத்துகிறார்: "எஞ்சினுக்கு இன்னா நோவுன்னு இத்த வெச்சிதான் கண்டுபுடிப்போம், மேடம்." நுனியை எரியறையின் சுடர்ப் பக்கச் சுவரில் ஊன்றி, பிடியில் காதை வைக்கிறேன். சீறல். சூடான வாயு வெளியேறும் குறுகிய முனையில் ஊன்றுகிறேன். அங்கே வேறு சத்தம், கனத்த தட்டல். மரப்பிடி காதைச் சுடுகிறது. "சார்" என்கிறேன், எனக்கே கேட்கவில்லை. "அவரு பேனாவ தொறந்துட்டாரு, மேடம்" என்று தனபாலன் மறுபடி காதருகே கத்துகிறார். சாரின் கையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு, அந்தக் கையில் ஸ்க்ரூடிரைவரை வைக்கிறேன்.