முந்நூறு நல்லவர்கள்

தன் நடன கிளப்புக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கோரி நகர மன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள் டெனிஸ். பெண்கள் ஆடை களைந்து ஆடும் இடம் ஹார்டன்பி கடைவீதியில் கூடாது என்று மனு கொடுத்திருந்தார் மிஸஸ் ஹெஸ்கெத். கிளப்பை மூடினால் பதினாலு பேருக்கு வேலை போய்விடும்.

“முந்நூறு கையெழுத்து. அத்தனையும் ஆம்பளைங்க,” என்றார் குழுத் தலைவர் ராய்ல், மனுவைக் கவிழ்த்து வைத்தபடி. “இந்த ஊர் ஆம்பளைங்களுக்கு இன்னும் மானம் இருக்கும்மா. பேரெல்லாம் படிச்சு நேரத்தை வீணாக்க வேணாம். ஓட்டுக்கு விட்டுடலாம்.”

டெனிஸ் மிஸஸ் ஹெஸ்கெத் பக்கம் திரும்பினாள்.

“ஒரே ஒரு கேள்விங்க மேடம். இத்தனை நல்லவங்களை எங்கே பிடிச்சீங்க?”

“உன் கிளப் வாசல்லதாம்மா,” என்றார் அவர் சாதாரணமாக. “ரெண்டு வாரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெளியே வர்றவங்ககிட்ட, ‘உங்க மனைவியை சர்ச்சுல பார்ப்பேன்’னு சொல்லி மனுவை நீட்டுவேன். மறுபேச்சு பேசாம போட்டுடுவாங்க.”

டெனிஸுக்கு இப்போது தைரியம் வந்திருந்தது.

“அப்போ பேரையெல்லாம் சத்தமா வாசிச்சே ஆகணும். என் வாடிக்கையாளருங்க யார் யாருன்னு ஊரும் தெரிஞ்சுக்கட்டும்.”

எழுத்தர் மனுவைத் திருப்பி முதல் வரியைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

“முதல் பேரை வாசிக்கட்டுங்களா ஐயா?”

“வேணாம்,” என்றார் ராய்ல் அவசரமாக. “இன்னும் ஒரு வருஷத்துக்கு உரிமம் கொடுத்துடலாம். யாருக்காவது ஆட்சேபணை?”

குழுவின் மற்ற நாலு ஆண்களும் ஒரே குரலில் இல்லை என்றார்கள்.