ஏழாவது சாட்சி

"அந்த ஆள் வருவார்னு இன்னுமா நம்புறீங்க, வக்கீலம்மா?"

நீதிமன்ற வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரி கேட்டாள். இடது கை மடியில் கிடந்தது. இரண்டு வருஷமாக அந்தக் கை முழுதாக நீள்வதில்லை.

"வருவார்க்கா. நான் தேடிப் போகலை. அவரே ஆபீசுக்கு வந்து, 'கிட்ட இருந்து பார்த்தேன், எழுதிக்கோங்க'ன்னு சொன்னார்."

"மத்த ஆறு பேரும் அப்படித்தான் சொன்னாங்க."

அது உண்மை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் கட்டட மேஸ்திரி, வீட்டைப் பிடுங்கிக்கொள்ள, முகத்தில் துணி கட்டிய நாலு பேரோடு அவளுடைய ஒற்றை அறை வீட்டுக்குள் புகுந்தான். புருஷன் செத்துப்போன வீடு, ஏனென்று கேட்க நாதியில்லை என்ற தைரியம். தையல் மெஷினைக் கட்டிக்கொண்டு விட மறுத்தவளைப் பின்னாலிருந்து அடித்தார்கள். மறுநாள் அந்தக் கதவில் மேஸ்திரியின் பூட்டு தொங்கியது. அடி விழுந்த அன்று அங்கே கால்கூட வைக்கவில்லை என்று இப்போது சாதிக்கிறான்.

அவன் உள்ளே நுழைந்ததை வாசலில் நின்று பார்த்தவர்கள் ஆறு பேர். ஆனால் அந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கட்டட வேலை கொடுப்பவனே மேஸ்திரிதான். கூண்டில் ஏறியதும் ஆறு பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க."

"அதுல ஒருத்தி நேத்து ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தா. ஒரே தடவையில கோத்துட்டா!" என்றாள் தையல்காரி.

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோவமா இருக்காக்கா?"

"அவமேல என்ன கோவம்? மேஸ்திரி வேலை இல்லைன்னுட்டா அவ வீட்ல அடுப்பு எரியாது. அவ இடத்துல நான் இருந்தா என்ன சொல்லியிருப்பேனோ."

அப்போது படியேறி வந்தார் அவர். எல்லோரும் 'மூட்டை' என்று கூப்பிடும் சுமை தூக்குகிற ஆள். யாரிடமோ இரவல் வாங்கிய தொளதொளச் சட்டை. காதோரம் இன்னும் சிமெண்ட் தூசி.

"ஐயோ, இவரா? மேஸ்திரிகிட்டயே வேலை செய்யறவராச்சே! நாளைக்கு இவர் பிள்ளைங்களுக்கு யாரும்மா சோறு போடுவா?"

தலைகுனிந்தபடி மூட்டை அவளைத் தாண்டி உள்ளே போனார்.

வேலையிடத்தில் 'ம்' என்பதற்கு மேல் பேசாத மனிதர் அவர். கூண்டில் ஏறியதும் நிறுத்தவே இல்லை. எதிரே நின்ற மேஸ்திரி தொண்டையைச் செருமினான். மூட்டை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"உள்ள வந்ததும் மேஸ்திரி கதவைச் சாத்தச் சொன்னாருங்க. மெஷின்ல சின்னப் பிள்ளைங்க பச்சைச் சட்டை ஒண்ணு பாதி தைச்சபடி இருந்துச்சு. இந்தம்மா மெஷினை விடலை. 'கையை உடைங்கடா, தானா விடுவா'ன்னு மேஸ்திரிதான் சொன்னாரு. இரும்புக் கம்பியால ரெண்டு அடி. குப்புற விழுந்தாங்க. விழுந்தவங்க அடிச்சவன் காலைப் பிடிச்சுக்கிட்டு, 'இந்தக் கையை மட்டும் விட்டுருப்பா, தைச்சுப் பொழைக்கணும்'னு முனகினாங்க. மூணாவது அடி விழலைங்க."

தையல்காரி தலையை நிமிர்த்தினாள். அந்த வார்த்தைகளை அவள் போலீசிடம் சொன்னதில்லை, வக்கீலம்மாவிடம் சொன்னதில்லை. மகளிடம்கூடச் சொன்னதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு மேஸ்திரியின் கையை எதிர்பார்க்கிற ஒரு மனிதன், அவன் கண்ணெதிரிலேயே நின்று அதைச் சொல்கிறான்! இத்தனை நாள் அந்தத் தெருவில் யாரிடமும் காணாத துணிச்சல். தன்னையறியாமல் எழுந்து நின்றாள். வலது கையைத் தூக்கிக் கும்பிட்டாள்.

டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டு மூட்டையையே பார்த்தார்.

மேஸ்திரியின் வக்கீல் பாய்ந்து எழுந்தார். "நாளைக்கே உன் வேலை போயிடும்னு தெரியும்ல? சும்மாவா வந்து சொல்றே? யார்கிட்ட காசு வாங்கினே?"

"வாங்கினேங்க. ஒரு நாள் கூலி."

கூட்டத்தில் சலசலப்பு. தையல்காரியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. வக்கீலம்மாவுக்கு முகம் வெளிறியது.

"குறிச்சுக்கணும், கனம் நீதிபதி அவர்களே! காசு வாங்கிட்டு வந்த சாட்சி!" வக்கீலின் குரலில் கொண்டாட்டம். "இன்னொண்ணு. கதவு சாத்தியிருந்துச்சுன்னு நீயே சொல்றே. அது ஜன்னலே இல்லாத ரூம். வாசல்ல நின்னவனுக்கு உள்ள முனகினது எப்படிய்யா கேக்கும்?"

மூட்டை முதன்முறையாகத் தையல்காரியை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு மூட்டை இறக்குற வேலை இல்லைங்க. மேஸ்திரி வேற வேலைக்குக் கூலி கொடுத்தாரு... அந்தம்மா பிடிச்சது என் காலைத்தான்."