நாரத்தை மரத்துக் கூட்டம்

"யோவ் கஸ்பார்! கையை எடு. அது என் வீட்டுத் தேனீ!"

தகர டப்பாவைக் கரண்டியால் தட்டிக்கொண்டே ஓடிவந்த நிக்கானோருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. தோளில் சாக்கு. கஸ்பார் வீட்டு நாரத்தைக் கிளையில் ஒரு குடம் பருமனுக்குத் தேனீக் கூட்டம் தொங்கியது. கீழே காலிப் பெட்டியோடு நின்றிருந்தார் கஸ்பார்.

"இது உன்னுதா? இது என்..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"பின்னே யாருது? என் பெட்டி வாசல்ல குபுகுபுன்னு கிளம்பினதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் வர்றேன். டப்பா தட்டிக்கிட்டுப் பின்னாலேயே வர்றவனுக்குத்தான் கூட்டம் சொந்தம். ஊர் வழக்கம் தெரியும்ல?"

மில்லில் மக்காச்சோளம் அரைத்துக்கொண்டு வந்த பெண்கள் வாளிகளோடு வேலியோரம் நின்றுவிட்டார்கள். ஆள் சேர்ந்தால் நிக்கானோருக்குக் குரல் ஏறும். அன்றும் ஏறியது.

"போன மே மாசம் என் கூட்டம் ஒண்ணு காணாமப் போச்சு. எங்கே போச்சுன்னு இப்பல்ல தெரியுது! காலிப் பெட்டியில எலுமிச்சைப் புல்லைத் தேய்ச்சு வச்சு அடுத்தவன் தேனீயை இழுக்கிற திருட்டுப் புத்தி! நீயெல்லாம் என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன். தூ!"

கஸ்பார் பெட்டியைக் கீழே வைத்தார். நிக்கானோரின் சாக்கை வாங்கி விரித்துப் பிடித்து, கிளையை ஒரு உலுக்கு உலுக்கினார். கூட்டம் பொத்தென்று உள்ளே விழுந்தது. வாயைக் கட்டிக் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போ நிக்கானோர்."

"பார்த்தீங்களா? திருடனுக்கு வாய் வராது!" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, ஜெயித்தவன் நடையில் வீட்டுக்கு வந்தான்.

அவன் மனைவி எல்மி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சாக்குல என்னங்க?"

"நம்ம தேனீ. கஸ்பார் அமுக்கப் பார்த்தான். விடுவேனா?"

"நம்ம தேனீயா? அது பெட்டிக்குள்ளேல்ல இருக்கு! குஞ்சுகள் வெயில்ல பறந்து பழகிச்சு. நீங்க டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓடினதும் எல்லாம் உள்ளே போயிடுச்சு. கூப்பிட்டேன், உங்க காதுல விழுந்தாத்தானே!"

சாக்கை நிழலில் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தான். அடை அடையாகத் தேனீ. ஒன்றும் குறையவில்லை. நடு அடையில் ராணி நிதானமாக முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

இருபது வருஷம் தேனீ வளர்க்கிறவன், இளம் தேனீ பறந்து பழகுவதற்கும் கூட்டம் பிரிந்து போவதற்கும் வித்தியாசம் தெரியாமல் ஓடியிருக்கிறான்! மூடியைப் போடக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

"எல்மி... வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். திருடன்னுட்டேன். மில்லுக்குப் போன பொம்பளைங்க முன்னாடி."

"அடப்பாவி மனுஷா! போன வருஷம் நம்ம லிஸ்பெத்தோட பதினஞ்சாவது பிறந்தநாளுக்கு மெரிதா டவுன் வரைக்கும் பஸ் ஏறிப் போனவருங்க அவரு! செருப்பு, வளையல், ஜிகினா போட்ட ஊதா நகப்பூச்சுன்னு ஒண்ணொண்ணா பார்த்து வாங்கிட்டு வந்தாரே. அந்தப் பூச்சை எடுத்து நீங்க ராணித் தேனீக்கு அடையாளப் பொட்டு வச்சீங்கன்னு உங்க பொண்ணு ஒரு வாரம் உங்ககிட்ட பேசலை. அப்படி வாங்கித் தந்த மனுஷனையா? இனி நான் எந்த முகத்தோட மில்லுக்குப் போவேன்?"

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சாக்கைத் தூக்கிக்கொண்டான். போகிற வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "திட்டினதைக் கேட்டீங்கல்ல, மன்னிப்பு கேக்கிறதையும் வந்து கேளுங்க" என்று அந்தப் பெண்களைக் கூப்பிட்டான். வராமல் இருப்பார்களா?

கஸ்பார் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கொம்பாத்ரே, என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் நீங்க. என் தேனீ என் வீட்டுலதான் இருக்கு. இது உங்களுது. உங்களுதுன்னு தெரிஞ்சும் சண்டை போடாமக் குடுத்தீங்க. போன மே மாசத்துக் கூட்டத்தையும் சேர்த்து உங்க தலையில கட்டினேன். வெக்கமா இருக்கு. செருப்பால அடிங்க."

"அதெல்லாம் விடு. இதை நீயே வச்சுக்கோ," என்றார் கஸ்பார். முகம் வெளுத்திருந்தது.

"ஐயோ, கூடாது!"

"நான் மனசாரத்தான் குடுத்தேன். எடுத்துட்டுப் போ, நிக்கானோர். கும்பிட்டுக் கேக்கிறேன்."

"கடவுளே, என்ன மனசு!" என்றாள் வேலியோரம் ஒருத்தி. நிக்கானோருக்கு அழுகை முட்டியது.

"உங்க பெட்டியில ஏத்திட்டுத்தான் போவேன். இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது."

கொடியில் கிடந்த வெள்ளைத் துணியை இழுத்துக் காலிப் பெட்டியின் வாசலில் விரித்தான். கஸ்பார் தடுக்க ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் சாக்கைக் கவிழ்த்துவிட்டான். கீழே விழுந்த தேனீக்கள் ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டு, பெட்டி வாசலைப் பார்த்துத் துணிமேல் வரிசையாக நடக்க ஆரம்பித்தன.

"இனிமே இவரை யாராவது ஒரு வார்த்தை சொன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்!" என்று நிக்கானோர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அதோ ராணி! நடுவுல பாரு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

நிக்கானோர் ஆசையாகக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. வெள்ளைத் துணிமேல் நீள வயிற்றோடு ஏறிக்கொண்டிருந்த ராணியின் முதுகில், மாலை வெயிலில் மினுமினுத்தது ஜிகினா போட்ட ஊதாப் பொட்டு.

கஸ்பார் தொப்பியைக் கழற்றினார்.

"போன மே மாசமே பார்த்துட்டேன் நிக்கானோர்... நான் வாங்கிட்டு வந்த கலர்தானே."