அப்பா படித்த கடைசி வரி

அப்பா கடைசி வரியை மூச்சு விடாமல் படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கண் பரிசோதகர் படிப்பின் செய்முறைத் தேர்வு. ஆளுக்கொருவரைக் கூட்டிவந்து, தேர்வாளர் முன்னால் அவர் கண்ணைச் சோதித்துக் காட்ட வேண்டும். தேறினால் திங்கட்கிழமை முதல் இதே மருத்துவமனையில் வேலை. தவறினால் இன்னும் ஒரு வருஷம் அப்பா எனக்காகத் தையல் மெஷினை மிதிக்க வேண்டும்.

அப்பாவின் கண்ணைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஐம்பது தாண்டியும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிற மனுஷர். அதை ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிவார்.

அறை விளக்கை அணைத்தேன். கைவிளக்கின் ஒளிக்கோட்டை அவர் கண்ணில் வலமிருந்து இடமாக ஓட்டினேன்.

உள்ளே தெரிந்த வெளிச்சம் இடமிருந்து வலமாகப் போனது.

வெளிச்சம் இப்படி எதிர்த்திசையில் போனால், அந்தக் கண்ணுக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கல். கடைசி வரி என்ன, நாலாவது வரியே தெரியாது. ஆனால் மனுஷர் இப்போதுதானே கடகடவென்று படித்தார்?

தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் லென்ஸ் கணக்கின் பிளஸ்ஸும் மைனஸும் எனக்கு ஜென்மப் பகை. அப்பா மெஷின் மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வார். அவரைப் பொறுத்தவரை படிப்பென்றால் மனப்பாடம். நானும் ஒப்பித்துவிட்டுப் போய், பரீட்சையில் குறியை மாற்றிப் போட்டுவிட்டு வருவேன்.

பதினொன்றாம் வகுப்பு ஆய்வகத்தில் ஒரு மெழுகுவர்த்திதான் என்னைக் காப்பாற்றியது. குவிலென்ஸுக்கு முன்னால் மைனஸ் வகைக் குழிலென்ஸை வைத்ததும், திரையில் தலைகீழாக நின்ற சுடர் கலங்கியது. திரையைப் பின்னால் நகர்த்த நகர்த்தத் தெளிந்தது. அன்றைக்கு மைனஸை என் கண்ணாலேயே பார்த்தேன்.

தேர்வாளரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவின் வாயை நம்புவதா, வெளிச்சத்தை நம்புவதா?

வெளிச்சம் எனக்கு உறவு இல்லை. பொய் சொல்ல அதற்கு ஒரு காரணமும் இல்லை.

ரிமோட்டை அழுத்திச் சுவரில் தெரிந்த எழுத்துகளை மாற்றினேன். "கடைசி வரியை இன்னொரு தடவை படிங்கப்பா."

அப்பா பழைய வரியையே கடகடவென்று ஒப்பித்தார்.

தேர்வாளரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் பழகுவதற்காகத் தையல் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டை ஞாபகம் வந்தது. அதிலும் இதே எழுத்துகள்தான். போன வாரம் முழுக்க அப்பா அதன் கிட்டே போய் நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். யாருடைய சட்டை அளவையோ சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"நான் தடுமாறினா உனக்கு மார்க்கு போயிடுமே, பாப்பா" என்றார் மெதுவாக.

சோதனைக் கண்ணாடியில் மைனஸ் இரண்டைப் போட்டு மாட்டிவிட்டேன். அப்பா சுவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு புது வரியை எழுத்து எழுத்தாகப் படித்தார். கடைசி எழுத்தில் திணறி, தப்பாகச் சொன்னார். முகம் வாடிப்போனது.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே பார்த்துப் படித்திருக்கிறார்.

"அந்த ஒண்ணு என் தப்பு மேடம். பாப்பாவுக்குக் குறைச்சிடாதீங்க" என்றார் அப்பா.

"உங்க பொண்ணு எழுத்தை மாத்தினப்பவே நான் மார்க்கு போட்டுட்டேங்க" என்றார் தேர்வாளரம்மா.

கண்ணாடியைக் கழற்றக் கை நீட்டினேன். அப்பா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.