திராட்சை ரசம் பொங்கிவிட்டது

"ஐயையோ, யாரும் குடிக்காதீங்க! கிளாஸைக் கீழ வைங்க!"

மண்டபத்துச் சமையலறையிலிருந்து சர்பத்தக்கா தலைதெறிக்க ஓடிவந்தாள். கையில் பாட்டில், புடவையெல்லாம் திராட்சை நுரை. இருபது வருடமாகக் கல்யாணங்களுக்கு வீட்டிலேயே பானம் தயாரித்துக் கொடுப்பவள். சர்பத்தக்கா கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம் என்று பேர் வாங்கியவள். அந்தப் பேருக்குத்தான் இன்றைக்கு வேட்டு.

இரண்டாவது பெட்டியில் ஒரு பாட்டிலில் கை வைத்ததும் மூடி 'டப்'பென்று கூரைக்குப் பறந்து, ரசம் பொங்கி வழிந்தது. நாலு நாளைக்கு முன் போட்டது. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னதை அவள் வீட்டுக்காரர் மறந்து தொலைத்திருந்தார். ரசம் புளித்துச் சாராயத்துக்குச் சித்தப்பா ஆகியிருந்தது. முதல் பெட்டி முழுவதும் ஏற்கெனவே விருந்தாளிகள் கைக்குப் போய்விட்டது.

ஆனால் கூடத்தில் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு கையில் கிளாஸும் மறு கையில் மைக்குமாக மாப்பிள்ளையின் தாய்மாமா நின்றிருந்தார். வாழ்த்திப் பேச எழுந்தவர்.

"இன்னொரு தடவை சொல்றேன். இவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கு. அந்தக் குழந்தையை இந்தக் கையால தூக்கியிருக்கேன்."

அவர் குரல் நடுங்கியது. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

மணப்பெண்ணின் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த மணப்பெண் அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டாள்.

"டேய் தம்பி, வாயை மூடுடா!" என்று அலறினாள் மாப்பிள்ளையின் அம்மா. "சம்பந்தி, இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு. நல்லாத்தான் இருந்தான்..." அவள் பார்வை நுரை வழியும் பாட்டிலில் போய் நின்றது. "ஏய், என்னத்தைக் குடுத்தே இவனுக்கு?"

இப்போது எல்லாத் தலைகளும் திரும்பின. சர்பத்தக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள். ஒன்றுமில்லை என்று மழுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"மன்னிச்சிடுங்க. திராட்சை ரசம் புளிச்சுப் போச்சு. பழக்கம் இல்லாதவங்களுக்கு ஒரே கிளாஸ்ல தலைக்கு ஏறிடும்."

கூடமே பெருமூச்சு விட்டது.

"அதானே பார்த்தேன்!" என்றார் ஒருவர்.

"எனக்கும் லேசாச் சுத்துது" என்றார், நாலு கிளாஸை உள்ளே தள்ளியிருந்த இன்னொருவர்.

மாப்பிள்ளை நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "பாவம் மாமா. போதையில உளர்றாரு."

"நான் குடிக்கலை! சத்தியமா ஒரு வாய்கூடக் குடிக்கலை!"

"எந்தக் குடிகாரன்யா குடிச்சேன்னு ஒத்துக்கிட்டான்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. குபீரென்று சிரிப்பு.

சர்பத்தக்காவே மேடையேறி அவர் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கினாள். விளிம்புவரை நிறைந்திருந்த பானம் தளும்பி அவள் விரலில் கொட்டியது. ஓரத்தில் சொருகியிருந்த எலுமிச்சைத் துண்டு நழுவியது. அந்தப் பதற்றத்திலும் பழக்கதோஷத்தில் அதை அழுத்திச் சரிசெய்தாள்.

"நீயாவது சொல்லேம்மா!" என்று கெஞ்சினார் மாமா. இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாகப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போனார்கள்.

மணப்பெண் இறங்கி வந்து சர்பத்தக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்களை நம்பித்தான் கேக்கறேன். அவர் பேசினது போதையிலதானா?"

"ஆமா கண்ணு. எல்லாம் என் ரசம் பண்ணின வேலை. நீ போய்க் கையெழுத்துப் போடு."

பெண் ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மேசைப்பக்கம் நடந்தாள்.

சமையலறையில் வீட்டுக்காரர் திருட்டு முழி முழித்தபடி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"இருபது வருஷப் பேரு ஒரே நாள்ல போச்சு. திருப்திதானே?" என்று பொரிந்தாள் சர்பத்தக்கா. "நல்லவேளை, உண்மையைச் சொல்லி ஒரு கல்யாணம் நிக்காமக் காப்பாத்தினேன்." கையிலிருந்த கிளாஸை அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

அவர் அதை உற்றுப் பார்த்தார். "இது ஏன் குடிக்காமத் திரும்பி வந்திருக்கு?"

"மாமாவோடது. இதுக்கு முன்னாடி எத்தனை குடிச்சாரோ, யார் கண்டது?"

"அவரா? அவரு வந்ததும் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'எனக்குச் சர்க்கரை வியாதிப்பா, வெளியில சொல்லாதே'ன்னாரு. காலையிலேர்ந்து வெறும் தண்ணிதான் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. வாழ்த்துக்குக் கிளாஸைத் தூக்கணுமேன்னு இதை நான்தான் கையில குடுத்துட்டு வந்தேன். எலுமிச்சைத் துண்டு இருக்கு, பார்க்கலையா நீ?"

எலுமிச்சைத் துண்டு அவளே வைத்த அடையாளம். சர்க்கரை ஆகாதவர்கள் நாலு பேர் நடுவில் கூச்சப்படக் கூடாது என்று, பார்க்கத் திராட்சை ரசம் போலவே அவள் தனியாகப் போடுகிற கிளாஸ் அது.

சர்பத்தக்கா அதை எடுத்து ஒரு வாய் குடித்தாள். இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. இன்று காலையில் அவள் கையாலேயே கொதிக்கவைத்த செம்பருத்தித் தண்ணீர்.

கிளாஸைப் போட்டுவிட்டு அவள் வாசலுக்கு ஓடவும், கூடத்தில் கைதட்டல் அதிரவும் சரியாக இருந்தது.