தலையாட்டாத பொம்மை

எங்கள் பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் ஒரு தலையாட்டி பொம்மை இருக்கிறது. வேகம் ஐம்பத்தைந்தைத் தொட்டால் ஸ்டியரிங் என் கையில் உதறும். பொம்மை இடமும் வலமுமாக, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டும். நானும் காலைத் தளர்த்திவிடுவேன். கடல்மணலில் நான்கு சக்கரமும் இழுக்க மீன் ஏற்றி வருகிற வண்டி, இரண்டு வருஷமாக ஏலத்துக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேர்கிறது.

இன்று காலை என் கணவர் செல்வின் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த உதறலை அடக்க வேண்டிய ஸ்டெபிலைசரைக் கழற்றினார். ஓட்டை சைக்கிள் பம்பு மாதிரி அதன் தண்டு சும்மா போய்வந்தது. புதியதைச் சுற்றியிருந்த பட்டையை அறுத்ததும், அதன் தண்டு யாரும் இழுக்காமல் தானாக மெல்ல வெளியே நீண்டது. நானும் குனிந்து பார்த்தேன்.

"உசிருள்ளது மாதிரி இருக்கு" என்றார்.

போல்ட்டை முறுக்கி மீனை ஏற்றியதும் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். அறுபது. எழுபது. பொம்மை அசையவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எண்பதில், தினமும் ஏலத்துக்கு எங்களை முந்துகிற ஜூடின் மீன் லாரி முன்னால் தெரிந்தது.

"பையப் போ, ஜெசிந்தா."

"பொம்மை ஒண்ணும் சொல்லலியே."

அவர் கையை நீட்டி, ஒரு விரலால் பொம்மையின் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

நான் அதை எடுத்து, சாலையைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.